சிறார் வழக்கு: நேரில் ஆஜரா, காணொலி போதுமா?

"மேடம், அடுத்த வாய்தாவை வீடியோ கால்லயே முடிச்சுக்க முடியாதா?"

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மா கேட்டது இது. மகனுக்கு 16 வயது, ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். வாய்தா என்றால் விடிவதற்கு முன்பே பஸ் ஏற வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஆழியாறு, அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் கோவை. இரண்டு பேருக்குப் பஸ் காசு, ஒரு நாள் கூலி, பையனுக்குப் பள்ளிக்கூட லீவு. இவ்வளவும் செலவழித்து வந்து சேர்ந்தால், சாட்சி வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்.

அதே வாரத்தில் இன்னொருவர், வழக்கு நடக்கும்போது சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் ஒரு பையனின் அப்பா, நேர் எதிராகக் கேட்டார். "பையனை நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லுங்க மேடம். ஸ்கிரீன்ல பாத்தா அவன் எப்படி இருக்கான்னே தெரியல."

இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமங்களில் இலவச சட்ட உதவி வழக்கறிஞராக ஆஜராகும் எனக்கு இந்தக் கேள்வி மாதா மாதம் வருகிறது. பெற்றோர் கேட்கிறார்கள், புதிதாக வந்த ஜூனியர்கள் கேட்கிறார்கள், சில சமயம் குழுமத்தின் சமூகப் பணியாளர் உறுப்பினர்களே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

காணொலி விசாரணை கொரோனா காலத்தில்தான் சிறார் வழக்குகளுக்குள் பெரிய அளவில் வந்தது. 2020 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தைகள் இல்லங்களில் தொற்று பரவுவதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஜாமீனில் விடக்கூடிய சிறாரை விட்டுவிடப் பாருங்கள், வழக்குகளை விரைந்து முடிக்கக் காணொலியில் அமரலாம் என்று குழுமங்களுக்குச் சொன்னது. அந்த ஜூனில் சென்னை ராயபுரம் இல்லத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று வந்தபோது, அந்த உத்தரவு எவ்வளவு அவசியமாக இருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. தொற்று போய்விட்டது, கேமரா மட்டும் தங்கிவிட்டது. அதை எந்த நாளுக்கு வைத்துக்கொள்வது, எந்த நாளுக்கு அணைத்துவிடுவது என்பதை இனி நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது செலவையும் நேரத்தையும். நான் அவற்றைக் கடைசியில் வைக்கிறேன்.

முதல் கேள்வி, நடப்பது பிள்ளைக்குப் புரிகிறதா என்பது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 8-இல், ஒவ்வொரு கட்டத்திலும் சிறாரும் பெற்றோரும் விவரம் தெரிந்து பங்கேற்பதை உறுதி செய்வது குழுமத்தின் பொறுப்பு என்கிறது. திரையில் முகம் தெரிந்தால் மட்டும் அது பங்கேற்பு ஆகிவிடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் சிறாரைக் காவலில் வைக்கலாமா என்று முடிவு செய்யும் விசாரணையைக் காணொலியில் நடத்திப் பார்த்துவிட்டு, 2001-இல் அதைக் கைவிட்டது. விசாரணை முடிந்த பிறகும் பல பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. தன்னை விடுகிறார்களா, வைத்துக்கொள்கிறார்களா என்று வக்கீலிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன முக்கியமான காரணம் இதுதான்.

இரண்டாவது, பிள்ளையின் உடம்பை யாராவது பார்க்கிறார்களா, அவன் பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறதா என்பது. பிரிவு 14-ஐப் பலர், விசாரணையை முடிக்க அது தரும் நான்கு மாதக் கெடுவுக்காக மட்டுமே படிக்கிறார்கள். அதே பிரிவின் உட்பிரிவு 5 இன்னொன்றும் சொல்கிறது: விசாரணையைத் தொடங்கும்போது, போலீஸோ வேறு யாருமோ, வக்கீலும் நன்னடத்தை அலுவலரும் உட்பட, பிள்ளையைத் துன்புறுத்தவில்லை என்று குழுமம் தன்னளவில் திருப்தி அடைய வேண்டும். வெறும் "யாராவது அடிச்சாங்களா?" என்ற கேள்வியால் அந்தத் திருப்தி வந்துவிடாது.

இந்த இரண்டும் பெரிய எடைக்கற்கள். மற்றவை: வக்கீலுடன் தனியாகப் பேச வழி, அப்பா அம்மா கூட இருக்க முடிவது, ரகசியம், வழக்கு எவ்வளவு சீக்கிரம் முடியும், கடைசியாகக் காசு.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடுவது பிரிவு 74-இன்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஒரு நொடி போதும் என்பதால், காணொலி வந்த பிறகு இந்தப் பிரிவுக்கு வேலை கூடிவிட்டது.

## வழி 1: நேரில் ஆஜராவது

நேரில் என்றதும் சினிமாவில் வரும் கூண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின்படி குழுமம் நீதிமன்ற வளாகத்திலோ சிறை வளாகத்திலோ இயங்கக் கூடாது. உயரமான மேடை கூடாது, சாட்சிக் கூண்டு கூடாது. வழக்குக்குச் சம்பந்தமில்லாதவர் அறையில் இருக்கக் கூடாது. முதன்மை நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். ஒரு மேசை, எதிரே பிள்ளைக்கு ஒரு நாற்காலி. நல்ல குழுமமாக இருந்தால் முதல் கேள்வி "சாப்பிட்டியா தம்பி?" என்பதாகத்தான் இருக்கும்.

நேரில் வருவதன் பலனை ஒரு நாள் கண்ணாரப் பார்த்தேன். 15 வயதுப் பையன் ஒருவன், கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவை இடது கையால் வாங்கினான். "நீ இடது கைப் பழக்கமா?" என்று பெண் உறுப்பினர் சும்மாதான் கேட்டார். பதில் இல்லை. சட்டைக் கையை மேலே தூக்கச் சொன்னார். வலது முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது. அன்றைக்கே மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு போனது. கேமரா நெஞ்சுக்கு மேலேதான் காட்டும். கையெழுத்தும் இல்லம் இருக்கும் ஊரிலேயே வாங்கப்பட்டு, பிறகு ஸ்கேன் ஆகி வந்திருக்கும். அந்தக் கேள்வி யார் வாயிலும் வந்திருக்காது.

மறைந்திருக்கும் செலவும் நேரில் வருவதற்கு நிறைய உண்டு. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் கூர்நோக்கு இல்லம் கிடையாது. வேறு மாவட்ட இல்லத்தில் இருக்கும் பையனைக் கூட்டி வர வழிக்காவல் வேண்டும். அன்றைக்கு ஊரில் திருவிழா, தலைவர் வருகை என்று ஏதாவது இருந்தால் வழிக்காவலுக்கு ஆள் கிடைக்காது. அப்புறம் வாய்தா. கிடைத்தாலும் காலையில் கிளம்பிய பையன் 10 நிமிட விசாரணைக்காக நாள் முழுக்க வண்டியிலும் வராந்தாவிலும் கிடப்பான், தன்னைவிடப் பெரிய பையன்களோடு. ஜாமீனில் இருப்பவனுக்கு வேறு கஷ்டம். மாதம் ஒரு நாள் ஏன் லீவு என்று வகுப்பு ஆசிரியர் கேட்பார். மூன்றாவது தடவை பொய் சொல்ல அவனால் முடியாது. நான்காவது தடவை பள்ளிக்கே போகமாட்டான். வழக்கு கெடுக்காத படிப்பை வாய்தா கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பிள்ளை வந்தே ஆக வேண்டும் என்றால், அவனுக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஆன பயணச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரிவு 91 சொல்கிறது. குழுமமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ தர வேண்டும். கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

## வழி 2: கூர்நோக்கு இல்லத்திலிருந்து காணொலி

அதிகம் புழங்குவதும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் இந்த வழிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வழிக்காவல் பிரச்சினை போய்விடும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் பிள்ளை உள்ளேயே கிடந்தால், 7 நாளில் அவனைக் குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்றப் பார்க்க வேண்டும் என்பது பிரிவு 12. நடைமுறையில் பல இடங்களில் இது நடக்காமலே போகும் விஷயம். காணொலி இருந்தால் திங்கட்கிழமை மனுப் போட்டு புதன்கிழமை நடத்திவிடலாம். பங்களாதேஷில் 2020 மே மாதம் குழந்தைகள் நீதிமன்றங்கள் யுனிசெஃப் உதவியோடு காணொலியில் அமர்ந்தபோது, சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஜாமீனில் வீடு திரும்பினார்கள். பிள்ளையை வெளியே விடுவதற்குக் காணொலியைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

உள்ளே வைப்பதற்குப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல். பையன் உட்கார்ந்திருக்கும் அறை யாருடையது? கண்காணிப்பாளரின் அலுவலகம். கணினியை இயக்குவது யார்? இல்லத்தின் ஊழியர். உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு காணொலி விசாரணைக்காக 2020-இல் உருவாக்கிய மாதிரி விதிகளும், சிறார் இல்லத்தில் இருந்து பேசினால் அந்த இல்லத்தின் கண்காணிப்பாளரோ அவர் நியமிப்பவரோதான் அந்த முனையின் ஒருங்கிணைப்பாளர் என்கின்றன. பெரும்பாலான நாட்களில் இதில் தவறு இல்லை. ஆனால் புகார் அந்த இல்லத்தின் மேலேயே இருந்தால்? 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடிபட்டு 17 வயதுச் சிறுவன் இறந்தான். ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அரசு இல்லங்களைச் சீரமைப்பது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. அந்தச் சம்பவத்துக்கும் காணொலிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு கேள்வியை அது நிரந்தரமாக என் மனதில் போட்டுவிட்டது: அடிக்கிற கை கேமராவுக்குப் பின்னால் நின்றால், பிள்ளை என்ன பதில் சொல்வான்?

ஒரு காணொலி விசாரணையில் நானே பார்த்தேன். "அங்க எல்லாம் நல்லா இருக்காப்பா?" என்று நடுவர் கேட்டார். பையன் திரையைப் பார்க்கவில்லை. வலது பக்கம் மேலே ஒரு தடவை பார்த்தான். பிறகு "நல்லா இருக்கு ஐயா" என்றான். நடுவர் அதைக் கவனித்தார், அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். எல்லா நாளும் எல்லாரும் அப்படிக் கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பட்டியலில் இருக்கும் வழக்குகள் அவ்வளவு.

அடுத்தது, திரை ஒரு பிள்ளையை எப்படிக் காட்டுகிறது என்பது. பேச்சு இரண்டு நொடி தாமதமாகப் போய்ச் சேரும். பதில் தாமதமாக வரும். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு, பொய் யோசித்துச் சொல்கிறான் என்று தோன்றும். இன்னொரு பையன் விசாரணை முழுக்கக் கண்ணைக் கீழேயே வைத்திருந்தான், நடுவில் முடியை வேறு சரி செய்துகொண்டான். திரையின் மூலையில் தெரிந்த தன் முகத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி முன்னால் எந்தப் பையனும் செய்வதைச் செய்தான். "திமிரா இருக்கானே" என்றார் அரசுத் தரப்பில் ஒருவர். நேரில் வந்திருந்தால் அவன் கால் நடுங்கியதைப் பார்த்திருப்பார்.

இது என் கற்பனைப் பயம் என்று சொல்பவர்களுக்கு, சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியின் கணக்கு ஒன்று இருக்கிறது. அங்கே 1999-இல் பெரும்பாலான ஜாமீன் விசாரணைகளைக் காணொலிக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றிய வழக்குகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் கூடியது என்று 2010-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே, 2008-இல், அந்த முறையை நிறுத்திவிட்டார்கள். அது பெரியவர்களின் வழக்கு, ஊரும் வேறு. ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவன் மீது இரக்கம் குறைகிறது என்பது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மறைந்திருக்கும் செலவு இன்னும் ஒன்று. பிள்ளை வாய்தாவுக்கு வரும் நாள்தான் பல பெற்றோர் அவனைப் பார்க்கும் நாள். வராந்தாவில் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய் ஊட்டுவார். காணொலிக்கு மாறினால் எந்தக் கணக்கிலும் வராமல் அது போய்விடும்.

## வழி 3: வீட்டிலிருந்து காணொலி

ஜாமீனில் இருப்பவர்களுக்கு இதுதான் ஆசை காட்டும் வழி. பஸ் இல்லை, கூலி இழப்பு பாதி, பரீட்சை நாளில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் வீடு என்றால் என்ன வீடு என்று பார்க்க வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். போனை ஸ்பீக்கரில் போட்டால் குற்றச்சாட்டு முழுவதும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தங்கை அங்கேயே படித்துக்கொண்டிருப்பாள். இயர்போனை மாட்டினால் பிள்ளைக்கு மட்டும் கேட்கும், அம்மாவுக்குக் கேட்காது. நடுவில் அப்பாவின் முதலாளி போன் செய்வார், காணொலி அறுந்துபோகும். இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று: அப்பா பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது, பையன் தன் பக்கத்துக் கதையை எப்படிச் சொல்வான்? வீட்டில் நடக்கும் அடி உதையே அவன் ஓடிப்போனதற்குக் காரணமாக இருந்தால்?

இந்த வழி உண்மையிலேயே சிறந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பையன். அம்மா அப்பா ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளி. அவர்கள் நேரில் வருவது நடக்காத காரியம். பையன் இங்கே நேரில், குடும்பம் அங்கிருந்து காணொலியில் என்று வைத்தால், அம்மாவின் முகத்தைப் பார்த்த மறுநிமிடம் அவன் பேசத் தொடங்கிவிடுவான். மொழிபெயர்ப்பாளரும் அப்படியே வரலாம். ஒடியா தெரிந்தவரை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. காணொலி யாருக்கு என்பதுதான் இங்கே விஷயம். பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்களைத் திரைக்கு அனுப்பலாம்.

## வழி 4: ஊருக்குப் பக்கத்து மையத்திலிருந்து காணொலி

பேசப்படாத, ஆனால் எனக்குப் பிடித்த வழி. பிள்ளை வீட்டிலும் இல்லை, 100 கிலோமீட்டர் தள்ளியும் இல்லை. வட்ட சட்டப் பணிகள் குழுவின் அறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலகம், பக்கத்து ஊரில் உள்ள பதிவு பெற்ற குழந்தைகள் இல்லம் இப்படி ஓரிடத்தில், சட்ட உதவித் தன்னார்வலர் ஒருவர் அறையில் இருக்க, காணொலி நடக்கும்.

முன்மாதிரியும் இருக்கிறது. வேறு மாநிலத்துக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட குழந்தைகள் சாட்சி சொல்ல மறுபடி அந்த ஊருக்கே போக வேண்டாம், தங்கள் ஊருக்கு அருகில் உள்ள இடத்திலிருந்து காணொலியில் சொல்லலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்துக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் செய்யும் ஏற்பாட்டை, குற்றம் சாட்டப்பட்ட குழந்தைக்கும் செய்யலாம்தானே.

இரண்டு எச்சரிக்கை. உள்ளூர் நீதிமன்றத்தில் வசதி இருக்கிறது என்று அங்கே உட்கார வைத்துவிடக் கூடாது. பிள்ளையை நீதிமன்ற வளாகத்திலிருந்து தள்ளி வைக்கத்தானே தனிக் குழுமமே இருக்கிறது. காவல் நிலையம் கூடவே கூடாது. அப்புறம், இந்த ஏற்பாடு தானாக நடக்காது. யாராவது ஒருவர் நான்கு போன் பேச வேண்டும், பெரும்பாலும் அந்த ஒருவர் வக்கீல்தான்.

## வழி 5: வெறும் தொலைபேசி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிள்ளையைப் பற்றி எதையும் தீர்மானிக்கத் தொலைபேசி உதவாது. பேசுவது அவன்தானா என்றே தெரியாது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. வாய்தா தேதி சொல்ல, பெற்றோர் கருத்தைக் கேட்க, மொழிபெயர்ப்புக்கு, வக்கீல் தனியாகப் பேச, உத்தரவுக்குப் பிறகு நன்னடத்தை அலுவலர் வாராவாரம் விசாரிக்க, இவற்றுக்கு நல்லது. வக்கீல் தனியாகப் பேசுவதற்குக் காணொலியைவிடப் போன் மேல் என்றுகூடச் சொல்வேன். முகம் தெரியாதபோது சில பிள்ளைகள் கூடுதலாகப் பேசுகிறார்கள்.

## வழி 6: பிள்ளை வராமலே நடத்துவது

"நேரிலா, காணொலியா" என்று கேட்கும்போதே இந்த வழியை மறந்துவிடுகிறோம். பிரிவு 91 என்ன சொல்கிறது? விசாரணைக்குப் பிள்ளை வருவது அவசியமில்லை என்று குழுமம் கருதினால், அவனுடைய வருகைக்கு விலக்கு அளிக்க வேண்டும். வாக்குமூலம் பதிவு செய்யும் அளவுக்கு மட்டும் அவனை வரச் சொல்ல வேண்டும். மீதி விசாரணை அவன் இல்லாமலே தொடரலாம்.

வால்பாறை அம்மாவுக்கு வேண்டியது காணொலி இல்லை, இதுதான். சாட்சி வருகிறாரா என்று பார்க்கும் நாளுக்கும் ஆவணம் தாக்கல் செய்யும் நாளுக்கும் பிள்ளை எதற்கு, திரையில்கூட எதற்கு? அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.

இதன் மறைசெலவு, பிள்ளைக்குத் தெரியாமலே வழக்கு நகர்ந்துவிடும் என்பது. சில வக்கீல்கள் விலக்கு வாங்கிய பிறகு குடும்பத்துக்குப் போன் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். விலக்குக் கேட்கும் மனுவிலேயே, ஒவ்வொரு வாய்தா முடிந்த அன்று மாலையும் என்ன நடந்தது என்று பிள்ளைக்குத் தெரிவிப்பேன் என்று நான் எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் செய்யத்தானே வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரில் | இல்லத்திலிருந்து காணொலி | வீட்டிலிருந்து காணொலி | பக்கத்து மையம் | தொலைபேசி | வருகை விலக்கு |
|---|---|---|---|---|---|---|
| பிள்ளைக்குப் புரிவது | அதிகம் | குறைவு | குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு | வக்கீல் சொன்னால் உண்டு |
| காயம், பயம் தெரிவது | தெரியும் | பெரும்பாலும் தெரியாது | வீட்டுப் பயம் தெரியாது | ஓரளவு தெரியும் | தெரியாது | தெரியாது |
| வக்கீலுடன் தனிப்பேச்சு | எளிது | கேட்டு வாங்க வேண்டும் | கடினம் | முடியும் | நல்லது | தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் |
| பெற்றோர் கூட இருப்பது | உண்டு, செலவோடு | பெரும்பாலும் இல்லை | உண்டு | உண்டு | ஓரளவு | தேவையில்லை |
| ரகசியம் | நல்லது | நடுத்தரம் | மோசம் | நல்லது | மோசம் | நல்லது |
| தாமதம் | வழிக்காவலைப் பொறுத்தது | குறைவு | குறைவு | குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| குடும்பச் செலவு | அதிகம் | குறைவு | குறைவு | கொஞ்சம் | இல்லை | இல்லை |

அட்டவணையில் காணொலிப் பத்திகளில் கீழ் இரண்டு வரிசைகள் நன்றாகவும் மேல் இரண்டு வரிசைகள் மோசமாகவும் இருப்பதைக் கவனியுங்கள். கீழே உள்ளவை ரூபாயிலும் நாளிலும் எண்ணக்கூடியவை என்பதால் கூட்டங்களில் அவைதான் பேசப்படும்.

## எந்த நாளுக்கு எது

ஒரு வழக்கு முழுவதற்கும் ஒரே வழி என்று முடிவு செய்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தும் முதல் நாள் நேரில்தான் இருக்க வேண்டும். உடம்பைப் பார்க்கும் நாள் அது, வயதைப் பார்க்கும் நாளும் அது. பள்ளிச் சான்றிதழ் கையில் இல்லாதபோது, ஆள் சின்னப் பையன்தான் என்பதை முதலில் கண்தான் சொல்கிறது. குழுமம் அமராத நாளில் ஒரே ஒரு உறுப்பினர் முன்பு நிறுத்தலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது, ஆக, "குழுமம் இன்றைக்கு இல்லை, வி.சி.யில் காட்டிவிடுகிறோம்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பெரியவர்கள் விஷயத்திலேயே, போலீஸ் காவலுக்குக் கேட்டால் ஆளை நேரில் நிறுத்த வேண்டும், நீதிமன்றக் காவலை நீட்டிப்பதற்குத்தான் காணொலி போதும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாமா?

ஜாமீனில் விடப்போகிறார்கள் என்று தெரிந்தால் காணொலி போதும், அன்றைக்கே விடட்டும். ஜாமீனை மறுக்கப் போகிறார்கள் என்றால் பிள்ளையை நேரில் பார்த்து மறுக்கச் சொல்லுங்கள். இந்த வேறுபாட்டை மனுவில் எழுதிக் கேட்கலாம், நான் கேட்டிருக்கிறேன்.

கொடுங்குற்றம் என்று சொல்லப்படும் வழக்குகளில், 16 வயது முடிந்த சிறாரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று பார்க்கும் பிரிவு 15 மதிப்பீடு ஒருபோதும் திரையில் நடக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லும் அளவுக்கு நுட்பமான வேலை அது. ஒரு பிள்ளையின் மனமுதிர்ச்சியை, அறுந்து அறுந்து வரும் சத்தத்தில் யாரும் அளக்க முடியாது.

சாட்சி விசாரணையில், டாக்டரும் வேறு ஊர் அதிகாரியும் காணொலியில் வரட்டும், வழக்கு வேகமாகும். பிள்ளை நேரில் வந்து வக்கீல் பக்கத்தில் உட்காரட்டும். சாட்சி சொல்லும்போது "அது பொய்யிக்கா" என்று அவன் என் காதில் சொன்ன ஒரு வரியால் குறுக்கு விசாரணையே திசை மாறியிருக்கிறது. இறுதி உத்தரவு நேரில். அன்றைக்கு முதன்மை நடுவர் உட்படக் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பிள்ளையும் அங்கே இருக்கட்டும். அறிவுரை கூறி விடுவிப்பதாகவே இருந்தாலும், அந்த அறிவுரையை முகம் பார்த்துக் கேட்கட்டும்.

உத்தரவுக்குப் பிறகு, நன்னடத்தைக் கண்காணிப்பின்போது முன்னேற்றம் கேட்கும் நாட்களுக்குக் காணொலி அருமையானது. மெக்கானிக் ஷெட்டில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் அங்கிருந்தே ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஸ்பேனரை எடுக்கப் போய்விடலாம்.

## காணொலிதான் என்று ஆகிவிட்டால்

இவற்றைக் கேளுங்கள், வாய்மொழியாக இல்லாமல் மனுவாக. தொடங்குவதற்கு முன்பு வக்கீல் பிள்ளையுடன் 15 நிமிடம் தனியாகப் பேச வேண்டும், ஊழியர் அறைக்கு வெளியே. காணொலிக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் வக்கீலுடன் தனியாகப் பேசும் வாய்ப்பு வேண்டும் என்பது மின்-குழுவின் மாதிரி விதிகளிலேயே இருக்கிறது, அதனால் தயங்க வேண்டாம். அடுத்து, கேமராவை ஒரு தடவை அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை எழுந்து நிற்கட்டும், கையைக் காட்டட்டும், நான்கு அடி நடக்கட்டும். கேள்வியை "ஆமா, இல்ல" என்று பதில் வரும்படி கேட்காமல், "நேத்து ராத்திரி என்ன சாப்பாடு, எங்க படுத்த?" என்று கேட்கச் சொல்லுங்கள். முடிந்ததும் "இப்ப என்ன முடிவு பண்ணிருக்காங்க, நீயே சொல்லு" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அவனால் சொல்ல முடியவில்லை என்றால் விசாரணை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

குழுமம் மாதம் ஒரு முறையாவது இல்லங்களை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்பது பிரிவு 8-இல் இருக்கிறது. பிள்ளைகள் வாராவாரம் திரையில் தெரிகிறார்கள் என்பதற்காக அந்த ஆய்வு தள்ளிப்போனால், உறுப்பினர்களிடம் மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

வால்பாறைப் பையனுக்குப் பிரிவு 91-இல் மனுப் போட்டோம். அவன் வாக்குமூலத்துக்கும், முக்கியமான சாட்சியின் நாளுக்கும், இறுதி நாளுக்கும் மட்டும் வந்தால் போதும் என்று உத்தரவானது. மூன்று நாளும் அம்மா கூட வந்தார். பஸ் டிக்கெட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். நீங்களும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயணச் செலவு கேட்கும் மனுவுடன் அவற்றைத்தான் இணைக்க வேண்டும்.